உப்புத்தாள்

பத்து மாவுங் கரையில் ஏற்றி வைத்த இழுவைப் படகு.
என்ஜினுக்குப் பின்னால், குனிந்தே போகவேண்டிய குழிக்குள்
கிடக்கிறது தண்டு,
என் தொடைத் தடிமன்.
பதினோரு வருட கிரீஸ்,
அதன்மேல் யாரோ சிந்திய மைலோ.

அஸ்ஹாரி விளக்கைப் பிடித்திருந்தான்.
"இவ்வளவு பெரிய இரும்பில் அந்தத் தபால்தலையையா ஒட்டப்போகிறீர்கள், காக்?"
தபால்தலையைவிடச் சின்னது.
"ஒட்டினால்?"
எவ்வளவு முறுகுகிறது என்று சொல்லும்.
"இது முறுகாது. இரும்பு."
எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள்.

முதலில் கொழுப்பு.
ஒட்டுவது நகத்தளவு,
துடைப்பது இரண்டு உள்ளங்கை.
சுற்றியுள்ள அழுக்குக்குக் கால் உண்டு,
நடந்து வரும்.

பிறகு உப்புத்தாள்.
யார் வைத்த பெயரோ. அதில் உப்பில்லை.
இருக்கிற உப்பெல்லாம் தகட்டில், காற்றில்,
என் புருவத்தில்.
நனைத்து, குறுக்கும் மறுக்குமாகத் தேய்த்தேன்.
ஓரத்தில் ஒரு பளபளப்பு எட்டிப்பார்த்ததும்
"சந்தெக்!" என்றான்.
இல்லை. கண்ணாடியாக வந்தால் கெட்டது.
கீறல் இல்லாத இடத்தில் எதுவும் நிற்காது
(பெரிய தத்துவமாக எடுத்துக்கொள்ள வேண்டாம்,
கையேட்டில் மூன்றாம் பக்கம்).

மை தீர்ந்த பேனாவால் ஒரு கோடு,
நாற்பத்தைந்து பாகை.
முறுக்கு நேராக வந்து முகம் காட்டாது,
சாய்ந்துதான் ஓடும்.

பிறகு பஞ்சு, அமில நீரில் தோய்த்து.
முதலாவது கறுப்பு. இரண்டாவதும்.
ஆறாவது மழை மேகம்.
இரும்பைப் பார்த்தால் இரும்பு சுத்தமா என்று தெரியாது,
பஞ்சைப் பார்க்கவேண்டும்.
பதினான்காவது
போன மாதிரியே திரும்பி வந்தது.

வலைத்துணி எடுத்து நடுவிலிருந்து வெளியே
ஒரே இழுப்பு.
போன கை அதே வழியில் வரக்கூடாது.
புதுத்துணி, எதிர்ப்பக்கம், இன்னொரு இழுப்பு.

அப்போதுதான் அஸ்ஹாரி தொட்டான்,
கட்டைவிரலால், பச்சைப்பிள்ளைக் கன்னத்தைத் தொடுவதுபோல.

நான் ஒன்றும் சொல்லவில்லை.
உப்புத்தாளை எடுத்தேன்.
"ஒன்றும் தெரியவில்லையே, காக்?"
எல்லாம் இருக்கிறது: உன் பேர், ஊர்,
மத்தியானம் தின்ற நாசி கண்டார்.
மறுபடி கோடு. மறுபடி பஞ்சு. இந்தத் தடவை பதினாறு.

குனிந்து பார்த்தேன். நல்ல வெள்ளை.
என் மூக்கு நுனியிலிருந்து
ஒரு சொட்டு.

அவனும் ஒன்றும் சொல்லவில்லை.
உப்புத்தாளை எடுத்துக் கொடுத்தான்.

மூன்றாவதில், பதினேழு பஞ்சுக்குப் பிறகு,
டேப்பில் படுத்திருந்த பட்டையை மெல்லத் தூக்கி,
ஒரு துளி பசை, இறக்கி,
கட்டைவிரலால் அமுக்கும் நேரம்
பைக்குள் போன் துடித்தது. தியோவாகத்தான் இருக்கும்.
நிற்காமல் துடித்தது.
விரல் எடுத்தால் போயிற்று.

உன் விரலைக் கொடு என்றேன்.
"என்னுடையதா?"
டேப்புக்கு மேலேதான். இப்போது அதன் சூடுதான் வேண்டும்.
என் விரல் நகர நகர அவன் விரல் புகுந்தது.
சாத்து, டுவா, தீகா…
நான் போனில் "இன்னும் இல்லை, சார்" என்று சொல்லிக்கொண்டிருக்க
அவன் அறுபதில் நிற்காமல் நூறுவரை போனான்.

கம்பி பற்றவைத்து, மீட்டரைச் சைபரில் நிறுத்தினேன்.
படகின் விசிறி வெளியே சங்கிலியில் கட்டிக் கிடந்தது.
அவன் என்ஜின் பக்கம் ஒரு சாவியை மாட்டி,
அதில் நீளக் குழாய் சொருகி,
முழு எடையோடு ஏறி நின்றான்.

ஐந்து.
பத்து லட்சத்தில் ஐந்து.

இறங்கினான்: சைபர்.
ஏறினான்: ஐந்து.
"இரும்பு" என்றான், மெதுவாக, தண்டிடம்.
பிறகு என்னிடம்:
"மத்தியானம் தின்னாமல் வந்திருந்தால் நாலு காட்டியிருக்குமா, காக்?"

நான் பஞ்சுகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.
நாற்பத்தேழு.
அதில் மூன்று வெள்ளை.